ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு சாவி

தமயந்தியின் கணவன் செங்குட்டுவனுக்குச் சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. அவளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். இல்லாவிட்டால், தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர் வேலைக்காக அவள் டெமோ வகுப்பு எடுத்துக்காட்டவேண்டிய காலையில், ஸ்கூட்டி சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எவனாவது சுரங்க ஷிப்டுக்குப் போகும் மைன்ஸ் பஸ் ஏறுவானா? தாமதமானால் வரவே வேண்டாம் என்று தாளாளர் கறாராகச் சொல்லியிருந்தார். டவுன்ஷிப்பில் அவர்கள் குடியிருந்த பிளாக்கில் அவசரத்துக்கு ஆட்டோவும் கிடைக்காது.

பஸ்ஸிலிருந்து அவன் போன் வந்தது. "பஸ்ஸு குவார்ட்டர்ஸெல்லாம் சுத்திட்டு நம்ம தெருமுனை வழியாத்தான் போவும். டிரைவர் நிறுத்தமாட்டாரு. லைட் கம்பத்துக்கிட்ட நின்னுகினு இரு. ஜன்னல் வழியா எறியறேன்."

"என் நேருக்கு வந்தப்புறம் எறியாதீங்க. பஸ்ஸோட வேகமும் சாவிக்குச் சேந்துக்கும், என்னைத் தாண்டிப் போயி வுழும். கம்பம் வர்றதுக்கு முன்னாடியே வுட்டுடுங்க."

"கிரிக்கெட் ஆடுனவனுக்கே எறியக் கத்துத்தரியா?" போனை வைத்துவிட்டான்.

தொகுபயன் திசைவேகம்! அன்று அவள் நடத்தப்போகும் பாடமே அதுதான். வகுப்பு முழுக்கப் புரியவைத்துவிடலாம். இந்த ஒரு மண்டையில் ஏறாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆகவே அவள் சண்டைபோடாமல் கணக்குப் போட்டாள். பஸ் போகும் திசையில், கம்பத்தைத் தாண்டி நன்றாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். முட்டாள் எறிகிற இடத்தில் நிற்காமல், எறிந்தது விழுகிற இடத்தில் நிற்பதற்குத்தானே படித்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேலாக ஜன்னலில் நீட்டிய அவன் கை மட்டும் தெரிந்தது. கம்பத்துக்கு முன்பே அந்தக் கை சாவியை விட்டது. சாவி பறந்து வந்து, அவன் நிற்கச் சொன்ன இடத்திலேயே விழுந்து, துள்ளிச் சாக்கடைக்குள் போனது.

அவள் ஓடிப்போய் முழங்கைவரை கரிச்சேற்றில் துழாவினாள். சாவி அகப்படவில்லை. தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. கூடவே போனும் அடித்தது.

"நீ சொன்ன மாதிரியே முன்னாடியே வுட்டேன், பாத்தியா? கரெக்டா வந்துச்சா?"

சின்னப்பிள்ளை போல அப்படியொரு சந்தோஷம் அவன் குரலில். வாய்வரை வந்த வசவுகளில் ஒன்றுகூட இப்போது அவனுக்குப் பொருந்தவில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கரெக்டா வந்துச்சுங்க," என்றாள்.

போனை அணைக்காமலே அவன் பக்கத்து ஆளிடம் சொல்வது கேட்டது: "எம் பொண்டாட்டி கணக்குப் போட்டா தப்பவே தப்பாதுடா."