வடிவேல் சொல்லாத மூன்றாவது ஓட்டம்

1

இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை. யாங்கோனில், தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். கிடந்தது என்றால், வடிவேல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிற குரலில்தான் சொன்னார். ஆகவே திருட்டு என்று யாரும் என் மேல் பிராது கொடுக்க முடியாது.

வடிவேல் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகரின் லத்தா பகுதி மொத்தக் கடைகளிலிருந்து வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் ஏற்றி வந்து எங்கள் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குப் போடுகிறவர். வைத்திருப்பது ப்ரோபாக்ஸ் என்கிற ஒரு பழைய ஜப்பான் கார். மனைவி பெயர் புஷ்பலதா. கூடவே போவாள், கூடவே வருவாள். [கவனிக்கவும்: அவளைப் பற்றி முதலில் இவ்வளவுதான் எழுதினேன்.]

அவர் சொன்னது தான் கார்ப் பந்தயம் ஓட்டிய கதை. பந்தயம் என்றதும் பத்துக் கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பறப்பதை நினைத்துவிடாதீர்கள். இது நம்மைப் போன்றவர்களின் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரி வராத தொழிற்பேட்டைச் சாலை ஒன்றை அனுமதி வாங்கி இரு முனையிலும் அடைத்துவிடுவார்கள். வளைவுக்கு வளைவு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை, அதாவது கோன்களை, நிறுத்தி வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் போகும். கடிகாரம் மட்டுமே எதிரி. வீட்டு வண்டியே போதும். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்னால் கிடக்கும் வெங்காயத் தோல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பிரேக்கையும் சீட் பெல்ட்டையும் பரிசோதனைக்குக் காட்டி, தலையில் ஹெல்மெட்டை மாட்டினால் நீங்களும் பந்தயக்காரர்.*

\* ஹெல்மெட்தான் பெரும்பாடு. யாங்கோன் நகருக்குள் மோட்டார்சைக்கிளுக்குத் தடை, ஆகவே எந்த வீட்டிலும் அது இருக்காது. பந்தயம் நடத்தும் கிளப்பில் கிடந்ததைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். எல்லா வீட்டுத் தேங்காயெண்ணெயும் அதில் மணந்ததாம்.

2

தொடக்கம் எழுத உட்கார்ந்தேன்.

"சீறிப் பாய்ந்தது வடிவேலின் வண்டி." பொய். ப்ரோபாக்ஸ் சீறாது, இருமும்.

"வேகம் என்பது மனிதன் தன் எல்லைகளோடு நடத்தும் ஓயாத உரை—" சே. இதை எழுதிய கைக்கு அன்றைக்கு டீ கிடையாது என்று தண்டனை கொடுத்தேன்.

"முதல் வளைவிலேயே வடிவேல் வண்டியை நிறுத்திவிட்டார்." ஆங், இது கதை.

ஏன் நிறுத்தினார் என்றால், எங்கள் ஊர் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. ஓட்டுகிறவர் நடைபாதையோரம் ஒண்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பஸ் போனால், எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து வடிவேலுக்கு அந்த இடப்பக்கக் கண் புஷ்பலதா. எட்டிப் பார்த்து "போ" என்பாள், இல்லாவிட்டால் "இரு" என்பாள். வீட்டில் "போங்க, வாங்க" என்று மரியாதையாகப் பேசுகிறவள்தான். வண்டிக்குள் மட்டும் மரியாதை கிடையாது. "போங்க" என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் லாரி வந்துவிடும் அல்லவா.

பந்தயத்தில் ஓட்டுகிறவர் தனியாகத்தான் போக வேண்டும். வடிவேல் முதல் இடது வளைவுக்கு வந்தார். கழுத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். சாலையில் ஈ காக்கை இல்லை. "போ" என்று சொல்லவும் ஆள் இல்லை. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். வேடிக்கை பார்த்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

விதி இதுதான்: நின்றால் அந்த ஓட்டம் செல்லாது, கோனைத் தொட்டாலும் செல்லாது. புதிதாக வருகிற வண்டிக்கு மூன்று ஓட்டம் கொடுப்பார்கள். அதில் ஒன்றையாவது சுத்தமாக முடித்தால் கிளப்பில் இடம் உண்டு. இல்லையென்றால் அந்தப் பருவம் முழுக்க ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது ஓட்டத்தில் என்ன ஆனாலும் நிற்பதில்லை என்று வைராக்கியமாகக் கிளம்பினார். நிற்கவில்லை. ஆனால் இடப்பக்கம் என்ன வருகிறது என்று தானே எட்டிப் பார்த்தார், தலை போன பக்கம் கையும் போனது, வண்டியும் போனது. ஒரு கோனை அடியில் செருகிக்கொண்டு அதை இழுத்தபடியே எல்லைக்கோட்டைத் தாண்டினார்.

இதையெல்லாம் வடிவேல் மேசையில் டீக் கோப்பைகளைக் கோன்களாக அடுக்கி, நடித்தே காட்டினார். தன்னைத் தானே கிண்டல் பண்ணத் தெரிந்த மனுஷன். மூன்றாவது ஓட்டம் என்னாச்சு என்று கேட்டேன்.

"மூணாவதுக்குத்தான் மழை வந்துருச்சே ஸயாமா" என்றார். (ஸயாமா என்றால் டீச்சர். கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதால் ஊருக்கே நான் ஸயாமா.)

நம்பினேன். நல்ல முடிவு என்றுகூட நினைத்தேன். மழையில் கதையை முடிப்பதைவிட எழுத்தாளருக்குச் சௌகரியம் வேறு உண்டா?

3

எழுதி முடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். புஷ்பலதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தென்றால் அவளுக்குப் பர்மிய எழுத்துதான். ஆகவே வாசித்துக் காட்டினேன். பூண்டை உரித்துக்கொண்டே கேட்டாள். கோனை இழுத்துக்கொண்டு போன இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வடிவேல் அப்போது அங்கே இல்லை. கரண்ட் வந்துவிட்டது என்று தண்ணீர் மோட்டாரைப் போட ஓடியிருந்தார்.

"நல்லாருக்கு ஸயாமா. இதுல நான் எங்க?"

வண்டியில் இடப்பக்கம் இருக்கிறாயே என்றேன்.

"அன்னிக்கு அந்த சீட்டு காலியாச்சே. நான் வெளியதானே நின்னேன்."

அப்படியானால் மழையில் நன்றாக நனைந்திருப்பாய் என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

பூண்டு உரித்த கை நின்றது. "எந்த மழை?" என்றாள்.

நேரே அஷ்ஃபாக் கடைக்குப் போனேன். வண்டி உதிரிபாகம் விற்கிறவர், கிளப்பை நடத்துகிறவர், பந்தயத்தில் கொடி ஆட்டுகிறவரும் அவரே. மழையா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்கு அடித்த வெயிலில் தன் மண்டை காய்ந்ததுதான் மிச்சம் என்றார். மூன்றாவது ஓட்டம் நடந்ததா என்று கேட்டேன். ஏன் நடக்காமல், அதை ஓட்டிய புஷ்பலதாவையே கேளுங்கள் என்றார்.

ஆக, பெண்ணாகப் பிறந்த நானே தப்பான ஆளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துக் கதை பண்ணியிருக்கிறேன். பரவாயில்லை. காகிதம்தானே, கிழிக்கலாம். கிழித்தேன். மறுபடி புஷ்பலதாவிடமே போய் உட்கார்ந்து கேட்டேன்.

4

[நான்காவது தொடக்கம். இதற்கு மேல் நான் குறுக்கே வரமாட்டேன். வந்தால் மன்னிக்கவும்.]

புஷ்பலதா தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றாள். அஷ்ஃபாக் கடையில் பந்தய அறிவிப்பை முதலில் பார்த்தது அவள்தான். பெயர் கொடுக்கும்போது மட்டும் எப்படியோ புருஷன் பெயர் வாயில் வந்துவிட்டது. காலையில் எல்லோரும் பாதையை நடந்து பார்த்தபோது அவளும் நடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

ஓட்டத் தெரியாதவள் இல்லை. லத்தாவிலிருந்து திரும்பும்போது வடிவேலுக்கு இடுப்பு வலி வந்தால் அவள்தான் ஓட்டுவாள். அவர் இடப்பக்கம் மாறி உட்காருவார். உட்கார்ந்து முதல் சிக்னல் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

(குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இதை எழுதும்போது சிரித்துவிட்டேன்.)

ஆகவே அவள் இடப்பக்கக் கண் இல்லாமலே ஓட்டப் பழகியிருந்தாள். பஸ்ஸை ஒட்டிப் போகமாட்டாள், கொஞ்சம் பின்தங்கிப் போவாள். பஸ்ஸுக்கு அடியில் தெரியும் நிழலைப் பார்ப்பாள். நிழல் போதாவிட்டால் பஸ்ஸின் கண்ணாடி வழியே அந்தப் பக்கம் பார்ப்பாள். யாரையும் கேட்காமல் அவளே முடிவு பண்ணுவாள்.

இரண்டாவது ஓட்டம் முடிந்து, வண்டிக்கு அடியிலிருந்து கோனை உருவி எடுத்தார்கள். வடிவேல் ஹெல்மெட்டைக் கழற்றி, போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஆசை என்றே எழுதுகிறேன், வேறு அலங்காரம் வேண்டாம். இந்தப் பாதையை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், ஒரு கோனும் சாயக்கூடாது. இன்றைக்கு விட்டால் இந்தப் பருவம் போச்சு. அடுத்த பருவத்தில் பெட்ரோல் க்யூ எப்படி இருக்கும், வண்டி எப்படி இருக்கும், யார் கண்டது.

அஷ்ஃபாக்கிடம் போனாள். மூன்று ஓட்டம் என்பது ஆளுக்கா, வண்டிக்கா என்று கேட்டாள். வண்டிக்கு என்றார். லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்க, எடுத்துக் காட்டினாள். பிறகு புருஷனிடம் வந்தாள்.

"சாவியக் குடுங்க."

"ஆளுங்க சிரிப்பாங்க புஷ்பா."

"அதான் சிரிச்சாச்சே. தலைக்கு மேல போயாச்சு, சாணென்ன முழமென்ன. குடுங்க."

கொடுத்தார். செருப்போடு ஓட்டக்கூடாது என்பதால் அவருடைய ஷூவையும் வாங்கி, முன்னால் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டாள். பர்மியப் பெண்கள் லுங்கி மாதிரிக் கட்டும் தமெயினை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். கொண்டை ஹெல்மெட்டுக்குள் போகவில்லை, அவிழ்த்துப் பின்னலாக்கினாள். வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டால், பழக்கதோஷத்தில் வடிவேலும் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். அஷ்ஃபாக் வந்து அவரைத் தோளைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. இறங்கியவர் கதவைச் சாத்திவிட்டு, பாத்துப் போ என்றோ என்னவோ சொன்னார். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குக் கேட்கவில்லை. பயம் இருந்ததா என்று பிறகு கேட்டேன். ஷூ கழன்றுவிடுமோ என்று மட்டும் பயமாக இருந்தது என்றாள்.

கொடி இறங்கியது.

5

இந்த இடத்தில் புஷ்பலதா சொல்வதை நிறுத்திவிட்டாள். மறுபடி பூண்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

"மிச்சத்த அவரு சொல்லணும் ஸயாமா. ஊரெல்லாம் ரெண்டு ஓட்டம் சொல்லிட்டாரு. மூணாவதும் அவரு வாயாலயே வரட்டும். நானே சொன்னா, பொண்டாட்டி பீத்திக்கிறான்னு போயிரும்."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லவே மாட்டாரோ என்கிற வருத்தம் குரலில் இருந்தது. கொடி இறங்கியபோது இல்லாத பயம் இப்போது இருந்தது.

எழுதுகிறவளுக்கு யார் அனுமதி வேண்டும்? நானே முடித்துப் பார்த்தேன்.

முடிவு அ: ஒரு கோனும் சாயவில்லை. கூட்டம் ஆரவாரம். வடிவேல் ஓடி வந்து, கண்ணில் நீர் ததும்ப— வேண்டாம். இதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

முடிவு ஆ: கடைசிக் கோன் சாய்ந்தது. என் கைப்பிரதிகளைப் படிக்கும் நண்பர் நாகநாதனுக்கு இதுதான் பிடித்தது. தோல்வியில்தான் இலக்கியம் இருக்கிறதாம். வாழ்க்கையில் எதிலும் தோற்காத மனுஷன், அதனால் தோல்வி மேல் அவ்வளவு பிரியம்.

முடிவு இ: நிஜமாகவே மழை வருகிறது. வடிவேல் பொய்யர் ஆகமாட்டார், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அஷ்ஃபாக்கின் காய்ந்த மண்டையை நான் என்ன செய்வது?

மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன, எனக்கு எழுத வரும். ஆனால் ஒன்றைக்கூட அவளுக்கு வாசித்துக் காட்டத் தைரியம் இல்லை.

6

ஆனது ஆகட்டும் என்று எழுதிய வரைக்கும் டீக்கடைக்கே எடுத்துப் போனேன். சரக்குப் போட்டு முடித்து இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் முன்னால் பால் டீ, அவள் முன்னால் டீயும் ஒரு நான்-ரொட்டியும். வாசிக்கட்டுமா என்றேன். வாசிங்க ஸயாமா என்றார் வடிவேல், தன் கதைதானே என்கிற நினைப்பில்.

வாசித்தேன். முதல் ஓட்டத்துக்குப் பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது. நான்காம் பகுதி வந்தபோது வடிவேலின் சிரிப்பு குறைந்தது. சாவி கேட்ட இடத்தில் தலை குனிந்தது. நான் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. "கொடி இறங்கியது" வரைக்கும் வாசித்து நிறுத்தினேன்.

அடுத்து என்ன என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியாது, இவரைக் கேளுங்கள் என்று வடிவேலைக் காட்டினேன்.

"அது வந்து, மழை..." என்று ஆரம்பித்தார் வடிவேல்.

புஷ்பலதா அவரைப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பிய்த்தாள், டீயில் நனைத்தாள், வாயில் போடவில்லை. ரொட்டி ஊறிக் கோப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"மழை வரல" என்றார். "நான்தான் அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தேன். மூணாவது இவ ஓட்டினா."

பிறகு மேசையில் இருந்த கோப்பைகளையெல்லாம் தன் பக்கம் இழுத்து, முதல் வளைவிலிருந்து சொல்லத் தொடங்கினார். முதலில் குரல் உள்ளே போய் இருந்தது. இரண்டாவது வளைவில் பழைய குரல் வந்துவிட்டது. பக்கத்து மேசை எழுந்து வந்து சுற்றி நின்றது. புஷ்பலதாவுக்கு அவ்வளவு சந்தோஷம், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இன்னொரு டீ சொன்னாள். எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

கடைசிக் கோன் வரைக்கும், கடிகாரம் காட்டிய நேரம் வரைக்கும் நான் கேட்டேன். எழுதவில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லியாகிவிட்டது. இனி நான் எழுதினால் மறுபடியும் ஒரு தப்பான ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி ஆகும். ஆகவே வாசகரே, இந்த இடத்தை உங்களுக்கென்று விட்டிருக்கிறேன்:

புஷ்பலதாவின் மூன்றாவது ஓட்டம்: [                              ]

கோனைச் சாய்ப்பதும் நிறுத்துவதும் உங்கள் இஷ்டம். நேரத்தையும் நீங்களே போடுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும், யாராவது ஒருத்தர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் போகிறார்கள்.