சாக்கட்டிக் கோடு

விடியும் முன்பே மோட்டார் காயில் சுற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையால் முடி போன்ற செம்புக் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தாள் கெம்பம்மா. விரலில் சுற்றியிருந்த துணி ஊறிச் சிவந்திருந்தது. சானமாவுக் காட்டோரம் யானை நிற்கிறதென்று பஸ் வராத அந்தச் சனிக்கிழமையும், பால் லாரியில் ஏறி வந்துவிட்டாள்.

கதவோரம் நின்று பார்த்தாள் ஃபகருன்னிசா. திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தாள்.

ஓசூர் சிப்காட் ஓரத்தில் மோட்டார் காயில் சுற்றும் அந்தச் சின்னக் கம்பெனியில் பன்னிரண்டு பெண்கள். முன்பெல்லாம் ஒருத்தி தூக்குச் சட்டியில் இன்னொருத்தி கைவைத்துச் சாப்பிட்டவர்கள். முதலாளி கரும்பலகை மாட்டியதிலிருந்து அவரவர் காயில் பெட்டியைத் துணி போட்டு மூடினார்கள். சனிக்கிழமைதோறும் காயில்களை எண்ணி, கூடியதிலிருந்து குறைந்ததுவரை பெயர்களை வரிசையாக எழுதுவார். மூன்று பெயருக்கு ஒரு கோடு கிழித்து வரிசையை நாலாகப் பிரிப்பார். அடிக் கால்பங்கில் இரண்டு முறை விழுந்தவளுக்கு வேலை போச்சு. கெம்பம்மா ஒருமுறை விழுந்திருந்தாள். என்ன நியாயம் இது!

"உன் பொட்டி மட்டும் எப்படிக்கா ரொம்புது? யாருதுல எடுக்கற?"

கெம்பம்மா பெட்டி மேலிருந்த துணியை உருவி எறிந்தாள். "எண்ணிப் பாரு. போன மாசம் செல்லி மொத எடத்துக்கு வந்தாளே, அவ சுத்துனத வுட இது ஜாஸ்தி. அப்பவும் நான் அடியிலதான்னு நேத்து மேஸ்திரி சொல்லிட்டாரு."

ஃபகருன்னிசா எண்ணினாள். பொய்யில்லை. "அப்ப நீ மேல ஏறுனா?"

"நீ வுழுவ. இல்லன்னா செல்லி. நாம உசுர வுட்டு சுத்துனாலும் மூணு பேரு அடியில கெடந்தே ஆவணும்டி. கோடு அப்படி."

மதியம் சாப்பாட்டில் ஃபகருன்னிசா இதைச் சொல்லி, எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பிரிக்கலாம் என்றபோது செல்லி நம்பவில்லை. "எம்பொட்டியக் கொட்டுனப்பறம் நீங்க மூடிக்கிட்டா?"

ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். சாயங்காலம், எண்ணுவதற்குச் சற்று முன்பு, ஃபகருன்னிசா தன் பெட்டியை நடுத்தரையில் கவிழ்த்தாள். அடுத்து கெம்பம்மா. பிறகு ஒவ்வொருத்தியாக. எல்லோருக்கும் கடைசியில், வாய்க்குள் திட்டிக்கொண்டே, செல்லி. குவியலைச் சமமாகப் பங்கிட்டார்கள். மிஞ்சிய காயில்களை முதலாளியின் மேசையில் வைத்தார்கள்.

ஒரே எண்ணைப் பன்னிரண்டு முறை எழுதிவிட்டு முதலாளி திரும்பினார். சாக்கட்டி கையிலேயே இருந்தது.

"என்ன விளையாட்டு இது? கம்மியா சுத்தினது யாரு?"

"நீங்களே கோடு போடுங்க சார்," என்றாள் ஃபகருன்னிசா.

"நான் நெனச்சா எந்தப் பேருலயும் போடுவேன்."

"போடுங்க. அப்ப அது கணக்கில்ல, உங்க இஷ்டம். ஒருத்தியப் போகச் சொன்னா பன்னெண்டு பேரும் எந்திரிப்போம்."

"கேட்டுக்கு வெளிய எத்தனை பேர் வேலைக்கு நிக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும் சார். அவங்ககிட்டயும் பேசுவோம்."

"திங்கக்கிழமை பாத்துக்கறேன்" என்று சாக்கட்டியை வீசிவிட்டு அவர் உள்ளே போனார். திங்கட்கிழமை கேட் திறக்குமா என்று யாருக்கும் தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் செல்லி பைக்குள்ளிருந்து தன் பெட்டியை மூடும் துணியை எடுத்தாள். அதை நீளமாகக் கிழித்து, கெம்பம்மாவின் விரலில் சுற்றிக் கட்டினாள்.

"திங்கக்கெழம பால் லாரி வேணாங்க்கா. எல்லாரும் வந்து சேர்ந்தப்பறம் ஒண்ணா உள்ள போவோம்."