முப்பத்தோராவது கண்ணாடி

ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பெரிய திரையில் ஓர் எலியின் மூளை, சீவிய துண்டுகளை வரிசையாக அடுக்கியபடி, விரிந்து கிடந்தது. ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. எலியின் வலப்பக்க மீசையை வருடியபோது விழித்துக்கொண்ட செல்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம். அவை மூளையின் இடப்பாதியில்தான் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் நடுவே எட்டுத் துண்டுகளில் மட்டும் மஞ்சள் வலப்பக்கம் தாவி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இடப்பக்கமே திரும்பியது.

"இத இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல," என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம். ஐந்து வருடமாக இந்த வரைபடத்தோடு மல்லுக்கட்டியவர். வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போக வேண்டும்.

கடைசியில் நின்ற வெட்டக்கா மட்டும் சிரிக்காமல் அந்த எட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைந்த மூளையைத் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, தூரிகையால் ஏந்திக் கண்ணாடியில் ஒட்டுவது அவள் வேலை. பதினான்கு வருடப் பழக்கம். "நான் வெட்டியா இருக்கிற அக்கா இல்ல, வெட்டுற அக்கா" என்று ஒருமுறை சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சீவுவதற்கு முன், வலம் எது இடம் எது என்று தனக்கு அடையாளம் தெரிய, ஒவ்வொரு மூளையிலும் வலப்பக்கம் ஓர் ஊசித்துளை போடுவாள். திரையில் அது புள்ளியே இல்லாத ஒரு பொட்டு இடம். மற்றவர்களுக்குக் கிழிசல்போலத் தெரியும். அந்த எட்டுத் துண்டுகளிலும் துளை இடப்பக்கம் இருந்தது.

எட்டும் ஒட்டியிருந்தது முப்பத்தோராவது கண்ணாடியில். அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாகப் போன் வந்த நாள். அந்தக் கண்ணாடிக்கான எட்டையும் அவசரமாக ஒட்டிவிட்டு மேடத்தின் காரில் ஏறினாள். அறுவை சிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தவர் மேடம்தான். இப்போது கணவர் மாடிப்படி ஏறுகிறார், பாத்திரம் கழுவுகிறார், அவளோடு சண்டைகூடப் போடுகிறார். அப்படிப்பட்ட மேடத்தின் சந்தோஷத்தில் தானே மண்ணைப் போடுவதா? வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாளைக்கு வேறெங்காவது ஒருவர் இதையே செய்து பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதினால், தலைகுனிய வேண்டியவரும் மேடம்தானே.

கூட்டம் கலைந்ததும், புள்ளிகளையெல்லாம் கணினியில் அடுக்கும் பையனிடம் போனாள்.

"தம்பி, அந்த எட்டையும் இடம் வலமாத் திருப்பிப் போடேன்."

"ஏங்க்கா?"

"போடுப்பா, சொல்றேன்."

திருப்பினான். மஞ்சள் மறுபேச்சில்லாமல் இடப்பக்கம் போய் மற்றவற்றோடு சேர்ந்தது. அவன் முகம் வெளுத்தது. பின்னால் மேடம் நின்றிருந்தார்.

"நான்தான் மேடம். அன்னிக்குப் பதட்டத்துல துண்டெல்லாம் புரண்டத கவனிக்காம ஒட்டிட்டேன்."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அன்னிக்குக் கார் சாவியை ஆட்டிக்கிட்டே வாசல்ல நின்னு, சீக்கிரம், சீக்கிரம்னு உங்கள விரட்டினது யாரு? நான்தானே?" என்றார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

வெட்டக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டியவள் நானல்லவா என்று நினைத்தாள்.

"இன்னொரு மூளை மிச்சம் இருக்குல்ல?" என்றார் மேடம். "அதையும் சீவிச் சரிபார்த்துடலாம். கட்டுரை கொஞ்ச நாள் பொறுக்கட்டும். நானும் வரேன், பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்."

குளிர்ப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை இருவர் முகத்திலும் படர்ந்தது. கத்தி ஒருமுறை இறங்கி ஏறியது. தூரிகை நுனியில், மூச்சுப்பட்டாலே பறந்துவிடும் அந்த முதல் துண்டு நடுங்கிக்கொண்டிருக்க, இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.