இரண்டு தரம் அடித்த விளக்கு

டகி ஹாலரனின் நெற்றி வந்து மோதியதில் கான்ஸ்டபிள் ரேலீன் பாஸ்கோவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் செய்த குற்றம், அவன் நாக்கில் தேய்த்துக் கொடுத்த குச்சியை வாங்கிப் பார்த்து, “கோடு விழுந்திருக்கு டகி, வண்டிய விட்டுக் கீழ இறங்கு” என்று சொன்னதுதான். அடுத்த நொடி சார்ஜென்ட் நெவில் கிராடக் அவனைத் தார்ச்சாலையில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கினார். தோளில் மளுக்கென்று ஒரு சத்தம். டகி அலறினான்.

“முந்தாநேத்து இழுத்ததுய்யா! முந்தாநேத்து! இன்னைக்கு நான் பீர் கூடத் தொடல!”

“அதைக் கோர்ட்ல சொல்லு” என்றார் நெவில், மூச்சு வாங்காமல்.

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். குச்சிக்கு நேற்று, முந்தாநேற்று எல்லாம் கிடையாது. எச்சிலில் கஞ்சா இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆள் போதையில் இருக்கிறானா, தெளிவாக இருக்கிறானா என்பது அதன் கவலை இல்லை. சட்டத்தின் கவலையும் இல்லை.

மல்கனில் ஆற்றைக் கடக்க ஒரே பாலம். இந்தப் பக்கம் மலை. வாழைத்தோட்டக்காரர்கள், தகரக் கூரைக்குக் கீழே வானவில் பெயின்ட் அடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள், நெவில் சொல்கிற மாதிரி ‘புகை போடுற கும்பல்’. அந்தப் பக்கம் கடைத்தெரு, தேவாலயம், போலீஸ் ஸ்டேஷன், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிறவர்களின் ராயல் மல்கன் பௌலிங் கிளப். அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளப்பில் ஓட்டெடுப்பு: பாருக்கு மேலே தொங்கும், கடல் கடந்து எங்கோ இருந்து ஆளும் மன்னரின் படத்தை இறக்குவதா வேண்டாமா, பெயரிலிருந்து ‘ராயலை’ எடுப்பதா வேண்டாமா. நாட்டுக்கு ராஜா வேண்டுமா என்று யாரும் இவர்களிடம் வந்து கேட்கவில்லை. அதனால் கிளப்புக்கு வேண்டுமா என்று தங்களையே கேட்டுக்கொண்டு, மூன்று மாதமாக ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். படம் இருக்கட்டும் என்கிறவர்கள் அந்தப் பக்கம். இறக்கு என்கிறவர்கள் மலையில். கிளப் தலைவர் நெவில். எச்சில் சோதனையை அன்றைக்குப் பார்த்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் போட்டதும் அதே நெவில். தற்செயலாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் நம்பட்டும்.

ரேலீன் காலையிலேயே கேட்டுப் பார்த்தாள். “இன்னைக்கே வேணுமா சார்ஜென்ட்?”

“இந்த வளைவுல ரெண்டு பொண்ணுங்கள என் கையால வாரி எடுத்திருக்கேன் ரே. இடிச்சவன் கஞ்சா மப்புல சிரிச்சிக்கிட்டு நின்னான். இதுக்கு நல்ல நாள் பாக்கச் சொல்றியா?”

அது பொய்யில்லை. அந்த விபத்துக்குப் பிறகு அவர் பல மாதம் தூங்கவில்லை என்று ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் துக்கத்தை இன்றைக்கு எதற்காக வெளியே எடுத்தார் என்பதும் ரேலீனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தன் அண்ணன் கவலை.

க்ளெம் பாஸ்கோ, மலையில் வாழை போடுகிறவன். படத்தை இறக்கச் சொல்லும் கூட்டத்துக்கு அவன்தான் தலை. டிராக்டர் கவிழ்ந்து நசுங்கின தோளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெயை நாக்கில் விட்டுக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம். டாக்டர் எழுதினாலும், அது உடம்பில் இருக்கும்போது வண்டி ஓட்டினால் குற்றம் குற்றம்தான். ஒரு தரம் மாட்டி, லைசென்ஸ் போய், சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ஒரு போகம் வாழை முழுக்க மரத்திலேயே அழுகியது. இன்னொரு தரம் மாட்டினால் தோட்டமே கையை விட்டுப் போகும்.

போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவன் இறால் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியது அவளுக்கு மறக்கவில்லை. “நான் ஒழுங்கா ஓட்டுறேனான்னு நீங்க பாக்கறதே இல்ல, ரே. எச்சில்ல என்ன இருக்குன்னுதான் பாக்குறீங்க. உங்க ராஜா கதையும் அதேதான். ஆளு உருப்படியான்னு எவனும் கேக்கல, ரத்தத்துல என்ன இருக்குன்னு பாத்து மகுடத்தை வெச்சிட்டீங்க. எனக்கு ஒரு சொட்டுக்குத் தண்டனை, அவருக்கு ஒரு சொட்டுக்கு அரண்மனையா?”

“நான் அந்த ராஜ குடும்பத்துக்குச் சத்தியம் பண்ணிதான் இந்தச் சட்டையைப் போட்டிருக்கேன்” என்று அவளும் கத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

டகியை வேனில் அடைத்துவிட்டு நெவில் அவளிடம் ஒரு துணியை நீட்டினார். “மூக்கை அழுத்திப் புடி. வண்டிய எடுத்துட்டுப் போயி மேல கவட்டையில நில்லு. எங்களைப் பாத்துட்டு எவனாவது திரும்பினா விடாத.”

கவட்டை என்பது மலைப்பாதை இரண்டாகப் பிரியும் இடம். ஒன்று பாலத்துக்கு. மற்றது பழைய தரைப்பாலத்துக்கு. ஆற்றின் மேலேயே படுத்துக்கிடக்கும் சிமென்ட் பாதை. ரேலீன் வண்டியை யூகலிப்டஸ் நிழலில் நிறுத்தினாள். மூக்கு விண்விண்ணென்று தெறித்தது.

எதிரே, வளைவில், க்ளெமின் வெள்ளைப் பிக்கப் இறங்கி வந்தது. பக்கத்தில் அவன் மனைவி மார்லா. இரண்டு பேரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போலீஸ் நிற்கிறது என்றால், எதிரே வருகிறவனுக்கு முன்விளக்கை இரண்டு தரம் அடித்துக் காட்டுவார்கள். ஜென்ம விரோதிக்கும் காட்டுவார்கள். போலீஸே போலீஸைக் காட்டிக் கொடுத்து விளக்கடித்தது மட்டும் மல்கனில் அதுவரை நடந்ததில்லை. ரேலீனின் கை தானாகப் போனது. ஒரு தரம். இன்னொரு தரம்.

க்ளெம் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவள் தலையை இலேசாகத் தரைப்பாலத்துப் பக்கம் அசைத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவன் திரும்பினான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அண்ணன் அவளுக்கு விரல் தூக்கியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே மலையில் முந்தின நாள் மழை கொட்டியது அவளுக்குத் தெரியும். தரைப்பாலத்தில் தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் அவள் பார்க்கவில்லை.

சத்தம் வந்தபோது முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு மார்லாவின் குரல். ரேலீன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள்.

பழுப்புத் தண்ணீர் பாதையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிக்கப்பை ஆறு அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், கரையில் சிக்கிக் கிடந்த அடிமரத்தில் மோதியிருந்தது. க்ளெம் இருந்த பக்கம்தான் மரம். கதவு உள்ளே மடங்கியிருந்தது. ரேலீன் துப்பாக்கி பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். தண்ணீர் காலை வாரியது; கல்லில் முழங்கால் கிழிந்தது. மார்லாவின் தலைமுடியைத்தான் முதலில் பிடிக்க முடிந்தது. முடியைப் பிடித்தே ஜன்னல் வழியாக இழுத்துக் கரையில் போட்டாள். கண்ணாடி கிழித்து ரேலீனின் கை முழுக்க ரத்தம்.

“அவன்! அவனை எடு!” என்று மார்லா கத்தினாள்.

ரேலீன் திரும்பி இறங்கினாள். மரக்கிளை ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு க்ளெமின் மார்பில் ஏறியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வண்டி ஒரு முறை உருண்டது. தண்ணீர் அவன் முகத்தை மூடியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கிளையைக் காலால் உதைத்தாள், தோளால் முட்டினாள், கெட்ட வார்த்தையில் ஆற்றைத் திட்டினாள். கிளை அசையவில்லை. அவள் பிடியில் இருந்த விரல்கள் முதலில் இறுக்கின. பிறகு விட்டுவிட்டன.

சத்தம் கேட்டு நெவில் ஓடி வந்து அவளை இடுப்பில் பிடித்துக் கரைக்கு இழுக்க வேண்டியிருந்தது. அவர் கன்னத்தில் அவள் நகம் பதிந்து கிழித்தது.

மார்லா சேற்றில் உட்கார்ந்திருந்தாள். குரல் அமுங்கிப் போயிருந்தது. “ஏன் ரே வெளக்கடிச்சே? அவன் எண்ணெயைத் தொட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. இந்த ஓட்டுக்காகத்தான் நிறுத்தினான். வலியில தலையணையக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தான். ‘நெவில் குச்சிய நீட்டட்டும், நாக்கை நீட்டிக்கிட்டே போறேன்’னு காலைல சிரிச்சான். தண்ணிய பாத்துட்டு நான் வேணாம்னேன். ‘ரே வெளக்கடிச்சிருக்கா, ஏதாவது விஷயம் இருக்கும்’னு சொல்லிட்டு இறங்கிட்டான்.”

ரேலீன் மறுபடி தண்ணீரை நோக்கி நடந்தாள்.

நெவில் அவளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். “வெளக்கடிச்சியா?”

“அடிச்சேன்.”

“அடிக்கல. புரியுதா? சோதனைக்குப் பயந்து ஓடினான், தண்ணியில விட்டான். அவ அவன் பொண்டாட்டி, என்ன வேணா சொல்லுவா. உன் வேலை, உன் பென்ஷன், ஏன், ஜெயிலு கூட. யோசி.” சொல்லும்போதே அவர் பார்வை ஆற்றில் கிடந்த பிக்கப்புக்குத்தான் போனது. அவருக்கும் உள்ளே ஏதோ உடைந்திருந்தது என்று ரேலீனுக்குத் தோன்றியது. உடைந்ததை அவர் பொய்யால் ஒட்டப் பார்த்தார்.

செய்தி மலை முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வண்டிகளைச் சாலையிலேயே போட்டுவிட்டுக் கூட்டம் பாலத்தை நடந்தே கடந்தது. மார்லா ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன் என்று சொல்லி, போர்த்திய போர்வையோடு அவர்களுடன் போனாள். ரேலீனும் நெவிலும் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கக் கண்ணாடி இல்லை. உள்ளே நாற்காலிகள் பறந்துகொண்டிருந்தன. பில்லியர்ட்ஸ் கோலால் ஒருத்தன் பார்க்காரரின் காதோரம் பிளந்தான். இரும்பு மாதிரி கனக்கும் பௌலிங் பந்தை யாரோ வீசி எறிய, அது மன்னரின் படத்தில் விழுந்து சட்டம் இரண்டாகத் தொங்கியது. படத்தைக் காப்பாற்ற ஏணியில் ஏறின கிழவர் ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் தலை பார் விளிம்பில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

நெவில் மேஜை மேல் ஏறினார். “நிறுத்துங்க! அவன் ஓடினான்! குச்சிக்குப் பயந்து ஓடினான்! கஞ்சா அடிச்சவன் செத்தான், அவ்வளவுதான்!”

நாற்காலியை ஓங்கியவன் அதைக் கீழே வைத்தான். ஊர்ப் பக்கத்துக்காரர்கள் சிலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேண்டிய கதை கிடைத்துவிட்டது. இனி ஆண்டாண்டுக்கும் க்ளெம் பாஸ்கோவின் பெயர் இந்த ஊரில் இப்படித்தான் இருக்கும் என்று ரேலீனுக்குத் தெரிந்தது.

“இறங்கு நெவில்” என்றாள்.

பதினாறு வருஷத்தில் அவரை அவள் ‘நீ’ என்று சொன்னதே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

“அவன் ஓடல. நான் வெளக்கடிச்சேன். ரெண்டு தரம். தரைப்பாலத்தைக் காட்டினதும் நான்தான். நான் காட்டலேன்னா நேரா வந்து உன் முன்னாடி நாக்கை நீட்டிருப்பான். சுத்தமா இருந்தான். ஒரு வாரத்துக்கு மேல வலிய தின்னுட்டு சுத்தமா இருந்தான்.” மூக்கிலிருந்து மறுபடி ரத்தம் வழிந்து வாய்க்குள் போனது. அவள் துடைக்கவில்லை. “நானும் உன்ன மாதிரிதான். அவன் எப்படி இருக்கான்னு கேக்கவே இல்ல. அவன் எச்சில்ல அது இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். போன் பண்ணி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

கூட்டம் விலகியது. மார்லா வந்தாள். போர்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது. முதல் குத்து ரேலீனின் உடைந்த மூக்கிலேயே விழுந்தது. இரண்டாவது வாயில். ஒரு பல் ஆடியது. நெவில் மேஜையிலிருந்து குதித்துத் தடுக்க ஓடிவந்தார்.

“விடு” என்றாள் ரேலீன். “அவ அடிக்கட்டும்.”

அவள் கைகளைக் கீழே தொங்கவிட்டபடி நின்றாள். மார்லா அடித்தாள், அழுதாள், மறுபடி அடித்தாள். கை ஓய்ந்தபோது அவள் அங்கேயே, உடைந்த கண்ணாடி மேல், ரேலீனின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ரேலீனும் அவளோடு கீழே உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு ஓட்டுப் போடக் கையைத் தூக்க வேண்டியவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை.