சூரியனில் சுண்ணாம்பு

லேபுக்குள் நுழைந்தபோது என் சூரியன் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. காலையில் அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி மஞ்சள்தூளைக் கரைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்குள் இந்தக் கதி.

"யாரு சார் இதுல கை வச்சது?"

"நான்தாம்மா." எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர் அப்பாதுரை, கையில் சுண்ணாம்பு டப்பாவோடு நின்றார். "ஆரத்திக்கு மஞ்சத்தண்ணி கரைச்சி வச்சிட்டு சுண்ணாம்பு போட மறந்துட்டீங்க. கலர் எப்படி வந்திருக்கு பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயற்பியல் படித்த மனுஷன், லேபில் ஒரு டப்பைப் பார்த்தால் ஆரத்திதான் ஞாபகம் வருமா? சூரியனுக்குள்ளே காந்தப்புலம் கயிறு கயிறாகத் திரண்டு கிடக்கிறது. காந்தத்துக்கென்று தனியாக ஓர் அழுத்தம் உண்டு; அதனால் அந்தக் கயிற்றுக்குள் இருக்கும் வாயு சுற்றியிருப்பதைவிட லேசாகிவிடுகிறது. லேசானது மேலே வராமல் என்ன செய்யும்? நடுப்பகுதி வளைந்து எழுந்து மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன் இரண்டு கால்களும் துளைக்கிற இடங்கள்தான் நாம் பார்க்கும் கரும்புள்ளி ஜோடி. அதைக் காட்டத்தான் அறுத்து முனைகளை அடைத்துக் காற்றேற்றிய சைக்கிள் டியூபின் இரு முனைகளையும் கல்லில் கட்டி, நடுவை ஒரு நூலால் டப்பின் அடியில் பிடித்து வைத்திருந்தேன். நூலை உருவினால் போதும். கலங்கின மஞ்சளில் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. இவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு வருகிற மணிமொழி மேடம் சூரியனை ஆராய்கிறவர். ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் எடுக்கப்போகிறார். எனக்குப் பத்து நிமிடம் தருவதாகப் பேச்சு. தொகுப்பூதியத்தில் மாரடித்துக்கொண்டிருக்கும் எனக்கு வேறு வழி எதுவும் திறந்திருக்கவில்லை.

"அந்தப் பத்து நிமிஷம் இல்லம்மா. ஆரத்தி, பொன்னாடை, அப்படியே கோயிலு. லேட்டானா நடை சாத்திடுவாங்க." டப்பிலிருந்து ஒரு குவளை மொண்டு தாம்பாளத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களும் சரோஜா மேடமும் எடுங்க. நீங்க எடுத்தாத்தான் லட்சணமா இருக்கும்."

லட்சணம். வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு வாங்கினேன்.

கார் வந்து நின்றது. மணிமொழி மேடம் இறங்கினார். தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த எங்கள் துறையின் சரோஜா மேடம், "சுத்துங்க யமுனா" என்று முணுமுணுத்தார். நான் சுற்றவில்லை.

"மேடம், இது ஆரத்தி இல்ல. இது சூரியன். நான் செஞ்சது. சார்தான் இதுல சுண்ணாம்பக் கலக்கிட்டாரு."

"சின்னப் பொண்ணு மேடம், ஏதோ வெளையாட்டா..." அப்பாதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே தாம்பாளத்தோடு அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

மேடம் தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார். "மீதி சூரியன் எங்க இருக்கு?"

லேபில் நான் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் கத்திவிடுவேன். நூலை உருவினேன். சிவப்புத் தண்ணீர் ஒரு கணம் உப்பிற்று. பிறகு கருப்பு டியூப் முதுகை வளைத்துக்கொண்டு குபுக்கென்று மேலே வந்தது. தெறித்த தண்ணீர் அப்பாதுரையின் வெள்ளை வேட்டியில் பட்டது, மேடத்தின் புடவையிலும்தான்.

மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டப்பின் பக்கத்தில் குந்தினார். டியூபின் இரண்டு கால்களும் தண்ணீரைத் துளைத்த இடங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், நடை சாத்திடுவாங்க," என்றார் அப்பாதுரை.

மேடம் திரும்பவில்லை. "இன்னொரு வாட்டி அமுக்குங்க யமுனா."

முழங்கைவரை சிவந்த கைகளால் அமுக்கினேன். டியூப் உள்ளே போனது. போய், என் இரண்டு உள்ளங்கைகளையும் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது.