நிறுத்தக் கூடாத வண்டி

காலை ஆறரைக்குக் கிளப்பிய எஞ்சினைக் குசாகாபே இன்னும் நிறுத்தவில்லை. மணி ஒன்பதே கால். யோகோஹாமா துறைமுகத்தின் மேலே போகும் பெரிய பாலத்தில் வண்டிகள் முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றன. திங்கட்கிழமை வேறு, லாரிகளுக்குக் கேட்கவே வேண்டாம். அவன் கண் இரண்டு முட்களை விட்டு நகரவில்லை. சூட்டு முள் ஏறிக்கொண்டிருந்தது, பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜூன் மாசத்துல எவனாவது ஹீட்டர் போடுவானாடா?" என்றான் பக்கத்து சீட்டில் இருந்த முரோய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்தாத்தான் அது தப்பிக்கும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதுக்காக என்னை அவிச்சு எடுக்கணுமா?" முரோய் சிரித்தான். "சரி, அவி. எட்டு மார்க் வாங்கின எஞ்சினாச்சே, அது நல்லா இருந்தாப் போதும்."

எட்டு என்ற சொல்லைக் கேட்டதும் குசாகாபே மறுபடி சூட்டு முள்ளைப் பார்த்தான்.

இந்த ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண இரும்பு இரண்டு உள்ளே சுழலும், ஆக ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கமும் காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று அளந்தால் ஆறு எண்கள் வரும். மற்றவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள். இந்த வண்டி வைத்திருப்பவர்களின் கூட்டம் அந்த ஆறு எண்களைச் சொல்லிக்கொள்ளும். குசாகாபே தன் மஞ்சள் ஆர்எக்ஸ்-7 காரின் எஞ்சினைத் தானே பிரித்துத் தானே கட்டி, மார்ச் மாதம் கருவியை இரவல் வாங்கி அளந்து, கொட்டகைச் சுவரில் ஆறு எண்களைச் சாக்பீஸால் எழுதி வைத்தான். ஆறும் எட்டுக்குக் குறையாதவை. முதல் மூன்று உண்மை. மற்ற மூன்று, வந்திருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டவை.

தவறு இவ்வளவுதான். முக்கோணத்தின் பக்கவாட்டில் பதிக்கும் மெல்லிய இரும்புக் கீற்றை அரத்தால் ராவி, முடியளவு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். அதற்கென்று அளவுத் தகடு உண்டு. குசாகாபேக்குப் பொய்ப்பல் செய்யும் தொழில், இருபது வருடமாக ராவுகிற கை. தகடு எதற்கு, என் விரலுக்குத் தெரியாதா என்று ராவினான். விரலுக்குத் தெரியவில்லை. பின்பக்க முக்கோணத்தில் காற்றுக் கசிந்தது. வண்டி குளிர்ந்திருந்தால் கிளம்பும், நன்றாகவே ஓடும். சூட்டில் நிறுத்தினால் மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சாவிக்குச் செத்த பிணம்தான், ஐந்தாறு பேர் ஓட ஓடத் தள்ளினால்தான் உயிர் வரும்.

மூன்று மாதமாக அவன் அந்த வண்டிக்குக் கைதி. கூட்டங்களுக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகக் கிளம்புவான். பெட்ரோல் போடத் தனியாகத்தான் போவான். ஊற்றியதும் வண்டியை மூலைக்குத் தள்ளி, குளிரும்வரை துடைக்கிற மாதிரி நடிப்பான். இன்று காலையும் போட வேண்டியது. முரோய் ஆறு மணிக்கே வந்து நின்றதில் அது நடக்கவில்லை.

முரோய்க்கு முடிதிருத்தும் கடை. திங்கட்கிழமை விடுமுறை. அவனுடைய வெள்ளை வண்டியின் எஞ்சின், ஆலையிலிருந்து வந்த நாள் முதல் இருபத்தெட்டு வருடமாக யார் கையும் படாதது. ரப்பர் வளையங்கள் தேய்ந்து உள்ளே தண்ணீர் கசியத் தொடங்கியபோதுகூட எந்தப் பட்டறையையும் அவன் நம்பவில்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்துவிட்டு, "நீதான் கட்டணும்" என்றான். எஞ்சினை நேற்றே இறக்கி, குசாகாபேயின் கொட்டகையில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்தாயிற்று. பிரிப்பது இன்று மத்தியானம்.

இன்று காலைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று குசாகாபே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக நினைத்தது வாய்க்கு வரவில்லை.

பாலத்தில் வண்டிகள் நகரத் தொடங்கின. வளைவு வளைவாக இறங்கும் சாலைகளுக்கு நடுவே, கிணற்றுக்குள் கிடப்பதுபோல் இருந்தது கூட்டம் கூடும் வண்டி நிறுத்துமிடம். நெடுஞ்சாலை வழியாக வண்டியில்தான் வர முடியும், வண்டியில்தான் போக முடியும், நடந்து வெளியேற வழியே இல்லை. ஓரத்தில் பதினைந்து வண்டிகள் மூடியைத் திறந்து வைத்து நின்றன. நடுவில் ஓனுகி அக்கா. அளக்கும் கருவி அவருடையது. அதைவிடக் கூர்மையான நாக்கும் அவருடையதுதான்.

"வந்தாருய்யா எட்டு மார்க்கு! வண்டி சூடா இருக்கில்ல? அணை. உன்னோடதுதான் முதல்ல."

"டர்போ ஆறட்டும் அக்கா."

"ஜாம்ல நின்னு வந்தவனுக்கு என்னத்த டர்போ சுத்துச்சு?"

குசாகாபே பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. நிற்கும் வண்டிகளின் எஞ்சினை அணைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டது. முரோய்க்கு யார் எதைப் பணிவோடு கேட்டாலும் செய்துவிட வேண்டும். ஒரு கையில் கடித்த சோற்று உருண்டை, இன்னொரு கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்துவிட்டான்.

எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சினுக்குக் காற்றை ஊதும் டர்போ விசிறி ஆறுவதற்காக, சாவியை எடுத்த பிறகும் மூன்று நிமிடம் ஓடவிட்டுத் தானாக அணைக்கும் டைமர் பெட்டி ஒன்று இந்த வண்டிகளில் இருக்கும். அதில் சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின. 2:59. 2:58.

"சாவியைக் குடு" என்றான் குசாகாபே.

"எதுக்கு? அதுவா நின்னுக்கும்." முரோய் வளையத்தை விரலில் சுழற்றினான். "ஏண்டா, உனக்கு ஏன் மூஞ்சி இப்படி வேர்க்குது? ஹீட்டரை அணைச்சாச்சே."

1:40. ஓனுகி அக்கா ஸ்பானரோடு வந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்து ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? குசாகாபேக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. 1:10.

"முரோய், சுவத்துல எழுதினது பொய்."

"எது?"

"கடைசி மூணு. ஆறுகூட வரலை. நான்தான் ராவிக் கெடுத்தேன். இது இப்ப நின்னா ஒரு மணி நேரத்துக்கு எடுக்காது. உன் எஞ்சினை என்கிட்ட குடுக்காதே. அப்படியே தூக்கிட்டுப் போயிடு. நல்லவேளை, இன்னும் பிரிக்கலை."

முரோய் சோற்று உருண்டையை மெல்வதை நிறுத்தினான். 0:31. 0:30.

"பிரிச்சிட்டேன்" என்றான்.

"என்னது?"

"காலையில நீ வண்டியைச் சூடு பண்ணிட்டிருந்தப்ப. உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு நீள போல்ட் எல்லாத்தையும் கழட்டி, மேல் தட்டையும் தூக்கி வெச்சிட்டேன். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு." கடித்த உருண்டையை டாஷ்போர்டில் வைத்தான். "நேத்து சொல்லியிருக்கலாமேடா. ஒரு நாள் முன்னாடி."

எண் பூஜ்யத்தைத் தொட்டது. எஞ்சின் அடங்கியது. அத்தனை பெரிய நிறுத்துமிடத்தில் திடீரென்று கடல் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

ஓனுகி அக்கா ஜன்னலில் குனிந்தபோது முரோய் சாவியைப் போட்டுத் திருகினான். உண்மையா என்று பார்க்கத்தான். எஞ்சின் சுழன்றது, எடுக்கவில்லை. நல்ல ரோட்டரி என்றால் சீராக மூச்சு விடும். இது மூன்று மூச்சு விட்டு, மூன்று மூச்சை விழுங்கியது. பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காதில் கேட்ட பிறகு அவர்களுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"இறங்கு" என்றான் முரோய்.

குசாகாபே இறங்கினான். முரோய் ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்து கதவைச் சாத்தினான்.

"தள்ளு. தட்டு திறந்து கிடக்கு. தூசி விழுறதுக்குள்ள நான் போய் மூடணும்."

ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள், குசாகாபேயும்தான். இருபதடி ஓடியதும் முரோய் கிளட்சை விட, வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பிடித்துக்கொண்டது. நிற்காமல் போனது. பெட்ரோல் நினைவு அப்போதுதான் குசாகாபேக்கு வந்தது.

"முரோய்! எங்கேயும் அணைச்சிடாதே! பெட்ரோல்…"

வண்டி வளைவில் ஏறிவிட்டது. தலைக்கு மேலே அந்தச் சத்தம் ஒரு சுற்று, இரண்டு சுற்று வந்து பாலத்தில் கரைந்தது. ஓடும்போது குறை சொல்ல முடியாத சத்தம். அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு அழுகை வந்தது.

"என் வண்டியில ரெண்டாவது சீட்டைக் கழட்டி எறிஞ்சிட்டேன், எடை குறையட்டும்னு" என்றார் ஓனுகி அக்கா. "வேற யாரும் மத்தியானத்துக்கு முன்னாடி கிளம்பமாட்டாங்க. இங்கேயே கிட." பிறகு எண்கள் எழுதும் பலகையை அவனிடம் நீட்டினார். "உன்னோடதை நீயே எழுது."

எழுதினான். 8.1, 8.0, 8.2. கை ஒரு கணம் நின்றது. 5.7, 5.4, 5.9. யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வண்டி மூடிக்குள் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துப் போன் அடித்தது. முரோய்.

"பெட்ரோல் விளக்கு எரிஞ்சுது. பங்க்குக்கு வந்தேன். எஞ்சினை அணைக்கவும்னு பெருசா எழுதியிருந்தது. அணைச்சிட்டேன்."

"ஊத்திட்டியா?"

"ஊத்தினேன். எடுக்கலை. பின்னாடி மூணு வண்டி நிக்குது. ஒருத்தர்கூட ஹார்ன் அடிக்கலை. எல்லாரும் பேசாம காத்திட்டிருக்காங்க. அதுதாண்டா தாங்க முடியலை."

"பங்க் ஆளைக் கூப்பிட்டு மூலைக்குத் தள்ளு, தண்ணிக் குழாய்ப் பக்கம். சீட்டுக்குப் பின்னாடி துணி இருக்கும். துடைக்கிற மாதிரி துடைச்சிட்டே இரு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி. இந்த வெயிலுக்கு ஒண்ணே கால்கூட ஆகும்."

யாரிடமோ மன்னிப்புக் கேட்கும் குரலும், சக்கரம் உருளும் சத்தமும் போனில் கேட்டன. பிறகு குழாய் திறக்கும் சத்தம். துணியைப் பிழிந்துகொண்டே முரோய் பேசினான்.

"மூணு மாசமா இப்படியேவாடா இருந்தே?"

"ஆமா" என்றான் குசாகாபே.

முரோய் போனை வைக்கவில்லை. மறுமுனையில் ஈரத்துணி கண்ணாடியில் தேயும் ஓசை வந்துகொண்டே இருந்தது.