ஏரிப் பக்கமாக இரண்டு தெரு

எர்வின் பதினோரு வருடமாக தலைநகர் மனாகுவாவில் டாக்சி ஓட்டுகிறான்; அங்கே முகவரிக்குத் தெருப் பெயர் கிடையாது, அடையாளம்தான். நிலநடுக்கத்தில் விழுந்த சினிமா கொட்டகை, எப்போதோ வெட்டிப்போட்ட மரம், செத்துப்போன டாக்டரின் வீடு என்று இல்லாத எந்த அடையாளத்தைச் சொன்னாலும் சரியாக அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவான். வழி கேட்பதற்காக ஒருநாளும் கண்ணாடியை இறக்கியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. திமிர் காட்ட வேறு எதுவும் அவனிடம் இல்லாததால் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

கிரனாடா போகும் திட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேஜையில் தொடங்கியது. ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் போவது பெண் கேட்க. பெண் மரிசேலா, மனாகுவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறை என்றால் கிரனாடாவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் அப்பா எவெனோர், ஊர் மரியாதையாகச் சொல்வது தோன் எவெனோர், முப்பது வருடம் அந்த ஊர் ஏரியில் படகு ஓட்டியவர். அடுத்த ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் படகு யாருக்காகவும் கரையில் காத்திருந்ததில்லை. மரிசேலாவின் அக்காவைப் பெண் கேட்டு வந்தவன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தான். அவர் கதவைத் திறக்கவே இல்லை. அக்கா இப்போது கோஸ்டா ரிகாவில் வேறொருவனோடு குடித்தனம் நடத்துகிறாள்.

"எங்கப்பா முடியாதுன்னா முடியாதுதான்" என்று மரிசேலா சொல்லிவிட்டாள். "அவர மீறி வந்து உன்னைக் கட்டிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அழாத."

எர்வின் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். பன்னிரண்டுக்கு அங்கே இருக்க வேண்டும். மசாயா சந்திப்பில் நெரிசல், அரை மணி. டயர் பஞ்சரானால் இருபது நிமிடம். போலீஸ்காரன் மறித்தால் கால் மணி. அம்மா ஏதாவது மறந்து திரும்பி வந்தால் கால் மணி.

"நான் என்னத்தடா மறந்தேன்?" என்றாள் அம்மா தோமாசா.

"போன வாட்டி மாமாவையே மறந்துட்டுக் கிளம்புன."

"அது மறதி இல்ல" என்றாள். சீலோ மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

யார் யார் போவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. அம்மாவின் கணக்கில் ஒன்பது பேர். பெரியம்மா, அவள் மருமகள், மருமகளின் தங்கை.

"அம்மா, அது டாக்சி. பஸ் இல்ல."

"மடியில உக்காந்துக்குவாங்க."

"எவ மடியில? வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கினா பொண்ணு குடுப்பாங்களா, குளிக்கத் தண்ணி குடுப்பாங்களா?"

கடைசியில் மூன்று பேர் என்று முடிவானது. எர்வின், அம்மா, பேசுவதற்குச் சீலோ மாமா. மாப்பிள்ளை தானாக வாயைத் திறந்து கேட்கக் கூடாது. குடும்பத்தில் மூத்த ஆண் ஒருவர்தான் கேட்க வேண்டும். மாமா அந்தத் தெருவின் எல்லாச் சாவுக்கும் பேசுபவர். உருக்கமாகப் பேசுவார்.

"மாமா, கெஞ்சிக் கேட்டுக்குறேன். சவப்பெட்டி பக்கத்துல பேசுற மாதிரி பேசிடாதீங்க."

"கல்யாணமும் அதே மாதிரிதான்டா. பெட்டி மட்டும்தான் இல்ல."

வெறும் கையோடு போகக் கூடாது என்று அம்மா மூன்று பால் ஊற்றிய கேக் செய்வதாகச் சொன்னாள். கிரனாடா மொம்பாச்சோ எரிமலையின் காலடியில் இருப்பதால் எந்நேரமும் மழை வரலாம், இரண்டு குடை. கேக் சாயாமல் இருக்க அவள் மடி. எர்வின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

வீட்டு அடையாளம் மரிசேலா செய்தியாக அனுப்பியிருந்தாள். பழைய ஐஸ் பேக்டரி இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக இரண்டு தெரு, மஞ்சள் கதவு.

"ஒரு போன் போட்டு நல்லா கேட்டுக்கடா" என்றாள் அம்மா.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? தண்ணி மாதிரி எழுதியிருக்கா. டாக்சிக்காரன் வழி கேட்டான்னு அந்த ஆளு காதுல விழுந்தா சிரிப்பாரு."

அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். பஞ்சர் ஆகவில்லை. போலீஸ் மறிக்கவில்லை. மசாயாவில் மட்டும் ஒரு மாட்டு வண்டி வழியை அடைத்து ஒரு மணி நேரம் படுத்தியது. பதினொன்றரைக்கு கிரனாடாவுக்குள் நுழைந்தபோது மொம்பாச்சோவின் தலையில் மேகம் இருந்தது, மழை இல்லை. 'ஐஸ் பேக்டரி மூலை மருந்துக்கடை' என்று ஒரு பலகையும் கண்ணில் பட்டது.

"யாரையாவது கேட்டேனா?" என்றான் எர்வின்.

"கடவுள் பலகை வச்சிருக்காரு" என்றார் மாமா.

மனாகுவாவில் ஏரிப் பக்கம் என்றால் வடக்கு. அங்கே பிறந்தவன் கை யோசிக்காமல் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பும். எர்வினின் கையும் திருப்பியது. உச்சி வெயில், எது கிழக்கு எது மேற்கு என்று சூரியனும் சொல்லாத நேரம். இரண்டாவது தெருவில் மஞ்சள் கதவு இருந்தது. அப்போது பதினொன்றே முக்கால். முன்கூட்டிப் போவதும் மரியாதை இல்லை என்று காருக்குள்ளேயே பதின்மூன்று நிமிடம் வெந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அடிக்கும்போது எர்வின் கதவைத் தட்டினான்.

பனியன் போட்ட பெரியவர் ஒருவர் திறந்தார். மாமா அவரைப் பேசவே விடவில்லை.

"வணக்கம்! நல்ல குடும்பத்து வாசல்ல நிக்கிறோம், பாத்தாலே தெரியுது" என்று உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைத் தட்டி வந்தவர்களை வெயிலில் நிறுத்தும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை போலும். கொக்கோ பானம் வந்தது. அம்மா கேக்கை நீட்ட, பெரியவர் குழப்பத்தோடு வாங்கி உள்ளே அனுப்பினார். மாமா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். மலர், தோட்டம், தோட்டக்காரனின் தியாகம், இந்த உலகில் எதுவும் நிலையில்லை என்றெல்லாம் பேசி, கடைசியில் குரல் தழுதழுக்க, "ஆக, உங்க வீட்டுச் செல்வத்தை எங்களுக்குக் குடுங்க" என்று முடித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவரும் மூக்கை உறிஞ்சினார். பிறகு கேட்டார்: "எனக்கு மூணும் பசங்கதான். அதுல எவனைக் கேக்குறீங்க?"

அந்த நேரம் பார்த்து எர்வினின் போன் அடித்தது.

"எங்கடா இருக்க?" மரிசேலாவின் குரல் கிசுகிசுத்தது. "பன்னண்டே கால்!"

"உங்க வீட்டுலதான்" என்றான் எர்வின்.

"நான் வாசல்ல நிக்கிறேன். தெருவுல ஒரு நாய்தான் இருக்கு."

பெரியவர் முகவரியைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மனாகுவாக்காரங்களா? அங்க ஏரி வடக்க இருக்குன்னா இங்கயும் வடக்கயா இருக்கும்? மொம்பாச்சோவ வலது கைப் பக்கம் வச்சுக்கிட்டு நேராப் பாரு. அதுதான் ஏரி. ஐஸ் பேக்டரிக்குத் திரும்பிப் போய் அங்கருந்து ரெண்டு தெரு போங்க."

எர்வின் ஓடினான். மாமாவும் ஓடினார். அம்மா மட்டும் நகரவில்லை.

"கேக்கைக் குடுங்க" என்றாள்.

"அம்மா!"

"நான் இவங்களுக்கா செஞ்சேன்?"

உள்ளே போன கேக் திரும்பி வந்தபோது கால்வாசியைக் காணோம். மூன்று பையன்களும் வாசலில் வந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டே கையசைத்தார்கள்.

சரியான மஞ்சள் கதவை அடைந்தபோது பன்னிரண்டரை. கதவு திறந்துதான் இருந்தது, மரிசேலா அதைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததால். உள்ளே தோன் எவெனோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழையிலையில் அவித்த மரவள்ளி, பொரித்த பன்றித்தோல், மேலே முட்டைக்கோஸ். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமா குரலைத் தயார்ப்படுத்தினார். "ஐயா, வர்ற வழியில டயர்..."

தோன் எவெனோர் அம்மாவின் கையிலிருந்த கேக்கைப் பார்த்தார். "அந்தக் கால்வாசிய டயர் தின்னுச்சா?"

மாமாவிடமிருந்த பேச்சு எல்லாம் வேறு வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. அம்மா எர்வினைப் பார்த்தாள். மரிசேலாவும் பார்த்தாள். காப்பாற்றும் பார்வை இல்லை; நீயே விழுந்தாய், நீயே எழுந்திரு என்கிற பார்வை. மாப்பிள்ளை பேசக் கூடாது. ஆனால் பேச வேறு ஆள் இல்லை.

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றான் எர்வின். "நான்தான் தப்பு. ஏரின்னதும் வடக்கன்னு போயிட்டேன். அங்கயும் மஞ்சக் கதவு. பதினொன்னே முக்காலுக்கே வந்து, பன்னண்டுக்குத்தான் கதவத் தட்டணும்னு கார்லயே உக்காந்திருந்தோம். மாமா அந்த வீட்டு ஆளுகிட்டயே பொண்ணு கேட்டுட்டாரு. கேக்கையும் குடுத்துட்டோம்."

தோன் எவெனோரின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அங்க பொண்ணு ஏது?"

"இல்லதான். மூணு பசங்க. எவனைக் கேக்குறீங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்க நேரமில்ல. ஓடி வந்துட்டேன்."

தோன் எவெனோர் கரண்டியை வைத்தார். அவர் தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு மரவள்ளி தொண்டையில் சிக்கி இருமினார். மரிசேலா ஓடிப்போய் முதுகில் தட்டினாள். தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

"முப்பது வருஷம் அந்தத் தண்ணியில கிடந்தேன்" என்றார் மகளிடம். "ஏரி எங்க இருக்குன்னே தெரியாதவன் ஒருத்தன கூட்டிட்டு வந்திருக்க."

"டாக்சிக்காரன்தானேப்பா. படகா ஓட்டப் போறான்?"

"டாக்சியாவது ஒழுங்கா ஓட்டுவானா?"

"மனாகுவாவுல ஓட்டுவான்."

அவர் கொஞ்ச நேரம் எர்வினைப் பார்த்தார், வானிலை பார்ப்பதுபோல. பிறகு இன்னும் நான்கு இலைகளை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. ஆறிப் போச்சு. ஆறினதத்தான் திங்கணும், நேரத்துக்கு வராதவங்களுக்குச் சூடா குடுக்குற வழக்கம் இங்க இல்ல."

உட்கார்ந்தார்கள். பன்றித்தோல் நமத்துப் போயிருந்தது. எர்வின் மரவள்ளியை இலையில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தான். மரிசேலாவும் இலையைத் தொடாமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் இரண்டாம் முறை மரவள்ளி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தோன் எவெனோர் கேக்கை முன்னால் இழுத்து, மிச்சமிருந்ததில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு துண்டும் வெட்டினார்.

"கல்யாணத்த காலைல பத்து மணிக்கு வச்சுக்கலாம்" என்றார். "உங்களுக்குக் குடுக்குற கார்டுல மட்டும் எட்டுன்னு அடிக்கச் சொல்றேன்."